ஓரியின் மலையும் ரோமாபுரிக் காசும்

ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய நாட்களில் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு அரசினர் விழா எடுக்கின்றனர். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் ஜனங்கள் விழாவைக் கண்டு, அறப்பளீசுவரரைத் தொழுது, ஆகாய கங்கையில் நீராடித் திரும்புகின்றனர். உரிய மரியாதைதான், ஆயினும் ஓரிக்கு நாம் பட்ட கடன் மாலையோடு தீர்ந்துவிடுவதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனை வன்பரணர் பாடினார். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்று சங்கப் பாடல்கள் கூறுகின்றன. அந்தச் சேரரின் கருவூர் எத்தகைய ஊர் என்பதற்கு, அமராவதி ஆற்று மணலில் அகப்பட்ட ரோமானிய நாணயங்களும், புகழூர் ஆறுநாட்டான் மலையில் இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையினரின் பெயரோடு கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவனின் பெயரையும் தாங்கி நிற்கும் பிராமிக் கல்வெட்டுகளும் சாட்சியாகும். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று ரோமாபுரியில் எழுத்தாளர் பிளினி புலம்பிய நூற்றாண்டை ஒட்டிய காலம் அது. அப்படி வர்த்தகம் செழித்த காலத்தில், பலா வளத்துக்குப் பெயர்பெற்ற ஒரு மலையைச் சேரன் வெறும் கீர்த்திக்காகவே விரும்பினான் என்று கருத எனக்கு மனம் வரவில்லை.

பேரரசின் விளிம்பில் வாழ்ந்த சிறு நாடுகள்மேல் வலியவர் கண் விழுவது எங்கும் உள்ளதுதான். அயர்லாந்திலிருந்து துரத்தப்பட்ட சிற்றரசன் ஒருவனுக்கு அடைக்கலம் தந்த ரோமானியத் தளபதி அக்ரிகோலா, ஒரே ஒரு படைப்பிரிவும் சில துணைப்படைகளும் இருந்தால் அந்நாட்டைப் பிடித்துவிடலாம் என எண்ணியதை, அவனுடைய மருமகன் டாசிட்டஸ் எழுதி வைத்தான். ரோமானியர் அந்நாட்டை வெல்லவேயில்லை. ஆனால் அங்குள்ள நியூகிரேஞ்சின் தொன்மையான கல்லறை வாயிலில் ரோமானியக் காசுகள் காணிக்கையாகக் கிடந்தன. டாசிட்டஸின் ஒரு வாக்கியத்தோடு திருப்தியடையாமல், மண்ணில் கிடைத்த ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்த்ததனால்தான் அயர்லாந்தாரால் தம் பூர்வ சரித்திரத்தைத் தாமே எழுத முடிந்தது.

கொல்லிக்கும் அதுவே வழி. இப்பகுதி மலைகளின் மரத்தடிக் கோயில்களில், புதிய கற்காலத்தார் வழவழப்பாகத் தேய்த்துச் செய்த கற்கோடரிகள் இன்றும் மஞ்சள் குங்குமத்தோடு தெய்வமாய் அமர்ந்திருக்கின்றன. அவற்றை அருங்காட்சியகத்துக்குப் பறித்துச் செல்லாமல், இருந்த இடத்திலேயே அளந்து, வரைந்து, பதிவு செய்தல் வேண்டும். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லும் மலையாளிப் பழங்குடியினரின் காட்டுப் பெயர்களையும் கதைகளையும் அவர்களுடைய சம்மதத்தோடும் துணையோடும் தொகுத்தல் வேண்டும். தொல்லியல் துறை இதனை ஒரு பருவத்து வேலையாக அன்றித் தொடர்ந்த கடமையாக மேற்கொள்ளட்டும். அகழ்வில் ரோமாபுரிக் காசு அகப்படாமற் போகலாம். கருகிய சாமை மணியும் இரும்புக் கசடும் அகப்பட்டாலும், ஓரியைப் புலவர் பாட்டிலிருந்து மட்டுமே அறிந்திருக்கும் நமக்கு, அவன் குடிகள் உண்டதையும் உழைத்ததையும் அவை சொல்லும்.