உரிப்பது சுத்தம் ஆகாது

ஆரணி பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வருவதற்குள் மூன்று இடங்களில் அந்தத் தட்டி கண்ணில் படும். "ஒரே நாளில் பழைய வீடு புது வீடு." இடது பக்கம் கருத்துப்போன ஒரு சன்சேடு, வலது பக்கம் அதே சன்சேடு வெள்ளைவெளேரென்று, நடுவில் ஓர் அம்புக்குறி. ஐந்தாறு வருடமாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. கல்யாணமோ மஞ்சள் நீராட்டோ எது வந்தாலும், பந்தல்காரருக்கு முன்பே இப்போது தண்ணீர் பீச்சிக் கழுவும் மிஷின்காரர் வந்து நிற்கிறார். தெருவே அதை நம்பிவிட்டது.

அவர்கள் சொல்வது இதுதான்: கருப்பு என்றால் அழுக்கு, அழுக்கு வீட்டை அரிக்கும், அதைச் சுரண்டி எடுத்தால் வீட்டின் ஆயுள் கூடும். மூன்றும் தவறு.

சன்சேட்டிலும் கைப்பிடிச் சுவரிலும் படியும் கருப்பு பெரும்பாலும் பாசியும் பூஞ்சணமும்தான். ஐப்பசி மழையில் பச்சையாக இருப்பது பங்குனி வெயிலில் காய்ந்து கருப்பாகிறது. தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறதோ அந்த வழியில்தான் அது முளைக்கும். மாடித் தொட்டி நிரம்பி வழியும் வீட்டில், வழியும் இடத்துக்கு நேர் கீழே கோடு போட்டதுபோல் கருப்பு இறங்கியிருப்பதை யாரும் பார்க்கலாம். சன்சேட்டின் அடி விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு நீர்வெட்டுப் பள்ளம் விட்டிருந்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், சுவருக்கு ஓடாது. அந்தப் பள்ளம் இல்லாத வீட்டை எத்தனை முறை கழுவினாலும் அடுத்த மழைக்காலத்தில் கருப்பு அதே கோட்டில் திரும்பி வரும். கழுவ வருகிறவர் ஒருவர்கூட தலையைத் தூக்கித் தொட்டியைப் பார்த்து நான் கண்டதில்லை.

அடுத்து, "தண்ணிதாண்ணே, கெமிக்கல் ஒண்ணும் கிடையாது" என்பார்கள். பைக் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். இவர்கள் கொண்டுவரும் மிஷின், சின்னதாக இருந்தாலும் 100 பாருக்கு மேல் பீச்சும். அந்த அழுத்தத்தில் வருவதைத் தண்ணீர் என்று சொல்லக்கூடாது, அது உளி.

என் தாத்தா காலத்துத் திண்ணைக்கு நான்கு தேக்குத் தூண்கள். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, நான் தறிக்குப் பாவு வாங்கிவரப் போயிருந்த நேரத்தில், அந்த உளியை அவற்றின் மேல் வைத்தார்கள். தேக்கின் வளையத்தில் மெத்தென்ற பாகமும் உண்டு, இறுகிய பாகமும் உண்டு. மெத்தென்றது பிய்ந்து போனது. இறுகியது வயல் வரப்புபோல் நிமிர்ந்து நின்றது. சாம்பல் நிறம் போய்ப் பொன்னிறம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்தச் சாம்பல் நிறம் என்ன தெரியுமா? மரத்தின் நார்களைக் கட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் வெயில் பட்டு மேலாகக் கரைந்த மெல்லிய ஏடு. காகிதக் கனம்தான் இருக்கும். வெயிலும் மழையும் வன்மரத்தைத் தேய்க்கும் வேகம் நூறு வருடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் என்று மரவியலார் கணக்குச் சொல்கிறார்கள். மிஷின் ஒரு பிற்பகலில் தின்றது அதற்குக் குறையாது. நான் ஓடிவந்து தடுத்தபோது நான்காவது தூண் மட்டும் மிச்சமிருந்தது.

மிஷின் இல்லாதவர்கள் பிளீச்சிங் கரைசலை ஊற்றித் தேய்க்கிறார்கள். பட்டு நெய்யும் ஊரில் இதை விளக்கவேண்டியிருப்பதுதான் எனக்கு ஆறவில்லை. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுக்கிறோம். எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது. காரம் கூடினாலும் கொதி நீண்டாலும் இழை சொரசொரத்து வலுவிழக்கும் என்பது சாயப்பட்டறைப் பையனுக்குக்கூடத் தெரியும். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதில்தான் அந்தத் தொழிலே இருக்கிறது. பட்டில் பிளீச்சிங் பட்டால் இழை கரைந்தே போகும் என்று பதறுகிற நாம், மரத்தின் லிக்னினையும் அதே பிளீச்சிங் தின்னும் என்று ஏன் யோசிப்பதில்லை?

இனி ஆசிட். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். குளியலறை கழுவ வைத்திருக்கும் ஆசிட்டை வாளித் தண்ணீரில் கலந்து மாடியிலும் சன்சேட்டிலும் ஊற்றுகிறார்கள். புஸ்ஸென்று நுரை வருகிறது. "பாருங்க, அழுக்கு எப்படிப் பொங்குது" என்று காட்டுகிறார்கள். பொங்குவது அழுக்கு அல்ல, சிமெண்ட். காற்று பட்டுக் கால்சியம் கார்பனேட்டாக மாறியிருந்த சிமெண்டின் மேல்தோல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் கரைந்து, கரியமில வாயுவாக நுரைக்கிறது. மீதி கால்சியம் குளோரைடாகி, கழுவியதுபோக மிஞ்சியது நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்குகிறது. அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது.

கான்கிரீட்டுக்குள் கம்பி ஏன் துருப்பிடிக்காமல் இருக்கிறது? சிமெண்டின் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல் இருப்பதால் கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்பு உறை உண்டாகிறது. காற்றின் கரியமில வாயு அந்தக் காரத்தை மேலிருந்து மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வரும். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டைத்தான் கொத்தனார்கள் கவர் என்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 கடுமை மிகக் குறைந்த சூழலுக்கே 20 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. நம் ஊரில் நாற்பது வருடம் முன்பு போட்ட தளங்களில் பாதி அளவு இருந்தாலே பெரிது. அந்தப் பாதியின் மேல்தான் ஆசிட் ஊற்றுகிறோம். குளோரைடு கம்பியைத் தொட்டுவிட்டால் காப்பு உறை புள்ளிப் புள்ளியாக உடைகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். தளம் உப்பி வெடித்துக் காறை விழும். அதே ஐ.எஸ். 456, ஒரு கனமீட்டர் கம்பிக் கான்கிரீட்டில் குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒரு கனமீட்டரின் எடை சுமார் 2,400 கிலோ என்பதை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு கொஞ்சத்துக்கு அது பயப்படுகிறது என்று புரியும்.

நம் வீடுகளில் அந்தத் தளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது? தறி. துரு கலந்த ஒரு சொட்டு பாவில் விழுந்தால் புடவை போச்சு. ஒரு மாத உழைப்பு அதோடு போச்சு. புது வீடு ஆக்கித் தருகிறேன் என்பவர் அந்த மாதத்துக்குப் பொறுப்பேற்பாரா?

"மணல் வீசினால் ஒரே நாளில் முடியும்" என்று இன்னும் சிலர். கோவில் திருப்பணிகளில் அப்படி மணல் வீசித்தான் சிற்பங்களின் மூக்கும் கல்வெட்டுகளின் எழுத்தும் மழுங்கின. அறநிலையத்துறையே பிறகு அதற்குத் தடை போட்டது. கருங்கல்லே தாங்காததை மரம் எப்படித் தாங்கும்? வீசுகிற தொழிலாளியின் நுரையீரலுக்கும் கேடு. வார்ப்பு வேலைகளில் மணல் வீசிச் சுத்தம் செய்வதைப் பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளிலேயே தடுத்துவிட்டது.

கழுவிய மரத்தின் மேல் எனாமல் அடித்து மூடுவது பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், மரம் உள்ளிருந்து உளுக்கும்.

கான்கிரீட்டும் மரமும் சேர்ந்த கட்டடம் இப்படிச் சுரண்டாவிட்டால் நிற்காது என்பவர்கள் ஒருமுறை புதுச்சேரி போய் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பார்க்கட்டும். கட்டடக் கலைஞர்கள் அன்டோனின் ரேமண்டும் ஜார்ஜ் நாகஷிமாவும் 1930களின் கடைசியில் எழுப்பத் தொடங்கிய வெற்றுக் கான்கிரீட், உள்ளே தேக்குச் சறுக்குக் கதவுகள். கடற்காற்று அடிக்கும் ஊரில், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஆட்கள் தங்குகிறார்கள். அதை நிறுத்தி வைத்திருப்பது மனிதர்களின் அன்றாடக் கவனிப்பு.

நாமும் அப்படித்தான் இருந்தோம். போகிக்கு முன் சுண்ணாம்பு நீற்றி வெள்ளையடிப்போம். சுண்ணாம்பு கடும் காரம். பாசி அதில் பிழைக்காது, சுவரின் மூச்சும் அடைபடாது. காய்ந்தால் கல்லாக இறுகிச் சுவருக்கு ஒரு ஏடு கூடும். மார்கழியில் ஏடு கூட்டிய கை இப்போது அதை உரித்துக்கொண்டிருக்கிறது.

நான்காவது தூணை மூன்று வருடமாக நானே பார்த்துக்கொள்கிறேன். ஈரத்துணியால் துடைத்து, நார்ப்பிரஷால் மரத்தின் போக்கிலேயே தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து தடவுகிறேன். அரை நாள் வேலை. மற்ற மூன்றிலும் சிலாம்பு நிற்கிறது. தறியிலிருந்து அறுத்த புடவையைத் திண்ணையில் விரித்துக் காட்டும்போது, முந்தானை அந்தப் பக்கம் போகாமல் என் மனைவி கையால் பிடித்துக்கொண்டே நிற்கிறாள்.