எந்த நிபுணரைக் கேட்டார்கள்?

தாழ்வுபாட்டுக் கரையில் நிற்பவருக்குத் தண்ணீரின் அருமையை எவரும் போதிக்க வேண்டியதில்லை. மன்னார்த் தீவின் மணலைச் சிறிது ஆழம் தோண்டினால் நன்னீர், அதற்கடியில் உவர்நீர். கிணறு கெடும் என்று எவரேனும் சொன்னால் இங்குள்ள கடற்றொழிலாளரும் பெருநிலத்துக் கமக்காரரும் செவிசாய்ப்பர். அந்த அச்சத்தையே காட்டி 2020ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் செய்த காரியத்தை நாம் மறந்துவிடலாகாது.

கொரோனாவால் இறந்தோரைப் புதைக்கவும் அவ்வாண்டு மார்ச் 27ஆம் திகதிய சுகாதார அமைச்சின் அறிவுறுத்தல் இடமளித்தது. நான்கே நாளில் அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, எரிப்பதே சட்டமென்றது. புதிய நோய், முதல் மாதங்களில் எச்சரிக்கை மிகுந்ததை நாம் குறைகூறோம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் இரு முறைகளையும் ஏற்றிருந்ததே! "நிபுணர் குழு சொல்லிற்று" என்பதே ஆட்சியாளரின் விடை. எத்துறை நிபுணர்? மாறுபட்டவர் எவருமில்லையா?

2003இல் சார்ஸ் வைரசைக் கண்டறிந்தோருள் ஒருவரான இலங்கையர், பேராசிரியர் மலிக் பீரிஸ், இது நீரால் பரவும் நோயன்று என்றார். பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான குழு, புதைக்கவும் அனுமதிக்கலாம் என 2020 டிசம்பரில் பரிந்துரைத்தது. அடுத்த மாதம் இலங்கை மருத்துவச் சங்கமும் அவ்வாறே கூறிற்று. சட்டம் அசையவில்லை. அதே டிசம்பரில் கேகாலைப் பாணியைச் சுகாதார அமைச்சரே பகிரங்கமாக அருந்தினார். பாணிக்குத் திறந்த கதவு பேராசிரியர்களுக்கு மூடிக்கிடந்தது! பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையொன்றும் பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்டது.

2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான் புதைக்க அனுமதி வந்தது. ஒரு வாரத்துள் அதற்கு இரணைதீவைக் குறித்தார்கள். நெடுங்காலம் இடம்பெயர்ந்து, 2018இல் தம் மண்ணில் மீண்டும் காலூன்றிய மீனவரின் தீவு அது. நீரைப் பற்றி ஓயாது பேசியோர், அத்தீவின் கிணறுகளைப் பற்றித் தீவாரிடம் ஒரு சொல் கேட்டனரா? மக்கள் எதிர்த்தனர், உடல்கள் ஓட்டமாவடிக்குச் சென்றன.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அது போதாது. இனிமேல் இத்தகைய ஒவ்வோர் ஒழுங்குவிதியோடும், ஆலோசனை சொன்னவர் யாவர், அவர்தம் துறை யாது, மாறுபட்டோர் சொன்ன காரணம் யாது என்பவை மூன்று மொழிகளிலும் வர்த்தமானியில் வெளிவர வேண்டும். இதற்குச் சட்டம் இயற்றுமாறு நம் பாராளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கிறோம்.