வாங்கியவர் பொறுப்பையும் வாங்க வேண்டும்

ஷெரட்டன், வெஸ்டின், லெ மெரிடியன், செயின்ட் ரீஜிஸ் ஆகிய பெயர்களைக் கையில் வைத்திருந்த ஸ்டார்வுட் நிறுவனத்தை மாரியட் 2016 செப்டம்பர் 23 அன்று தன்னோடு சேர்த்துக்கொண்டது. அன்றே உலகின் மிகப் பெரிய ஹோட்டல் நிறுவனமும் ஆனது. சீனாவின் அன்பாங் காப்பீட்டு நிறுவனம் நடுவில் புகுந்து விலையை ஏற்றிவிட, 2015 நவம்பரில் 1,220 கோடி டாலராக இருந்த பேரம் நான்கே மாதத்தில் 1,360 கோடி டாலரைத் தொட்டது. முப்பது பிராண்டுகள், 5,700க்கும் மேற்பட்ட ஹோட்டல்கள், 11 லட்சம் அறைகள். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், சீனா எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்த அனுமதியில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அதை அடைக்காமல் இனி எந்த ஹோட்டல் இணைப்பையும் எந்த நாடும் அனுமதிக்கக் கூடாது.

மாரியட், ஸ்டார்வுட் போன்ற நிறுவனங்களின் பெயர்ப்பலகை தொங்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை வேறு யாருக்கோ சொந்தமானவை. அப்படியானால் இவ்வளவு பணம் எதற்கு? பிராண்டுப் பெயர்களுக்கு, கட்டட உரிமையாளர்களோடு போட்ட நீண்டகால ஒப்பந்தங்களுக்கு, முன்பதிவு அமைப்புக்கு, எஸ்.பி.ஜி. என்ற வாடிக்கையாளர் திட்டத்துக்கு. கடைசி இரண்டும் விருந்தினர்கள் நம்பிக் கொடுத்த விவரங்களால் ஆனவை. எந்த நகரத்தில் யாரிடம் எத்தனை அறைகள் இருக்கும், வாடகை ஏறுமா என்று பார்ப்பதே போட்டிச் சட்டத்தின் வேலை. கைமாறும் சொத்தில் பெரும்பகுதி மனிதர்களின் அந்தரங்க விவரங்கள் என்பது அதன் கண்ணில் படுவதில்லை.

விளைவு என்ன? ஸ்டார்வுட்டின் முன்பதிவுத் தரவுத்தளத்துக்குள் 2014 ஜூலையிலேயே ஊடுருவிகள் நுழைந்துவிட்டார்கள். மாரியட் விலை பேசியபோதும், கையெழுத்திட்டபோதும், பொறுப்பேற்றபோதும் அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். கண்டுபிடிக்கப்பட்டது 2018 செப்டம்பரில். உலகெங்கும் 33.9 கோடி விருந்தினர் பதிவுகள் அம்பலமாயின. அவற்றில் 52.5 லட்சம் பாஸ்போர்ட் எண்கள் எந்தக் குறியாக்கமும் இல்லாமல் கிடந்தன. கடன் அட்டை தொலைந்தால் வங்கிக்குச் சொல்லி வேறு எண் வாங்கிக்கொள்ளலாம். பிறந்த தேதியை யாரிடம் போய் மாற்றுவது? எந்த ஊரில் எந்த இரவு தங்கினோம் என்ற விவரத்தை எப்படித் திரும்பப் பெறுவது? அரசைப் பகைத்துக்கொண்ட பத்திரிகையாளருக்கும், தலைமறைவாக வாழ வேண்டிய பெண்ணுக்கும் அந்த விவரம் உயிர்ப் பிரச்சினை.

இதில் மன்னிக்கவே முடியாத இடம் ஒன்று உண்டு. இணைப்பை அறிவித்த நான்காம் நாளே, தன்னிடமிருந்து 40,000க்கும் மேற்பட்டோரின் அட்டை விவரங்கள் திருடுபோன வேறொரு ஊடுருவலை ஸ்டார்வுட் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தது. பேரம் முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது. ஐந்து சென்ட் மனை வாங்குகிறவர்கூட வில்லங்கச் சான்றிதழைப் பார்க்காமல் பத்திரம் பதிய மாட்டார். இங்கே எச்சரிக்கை வந்த பிறகும் பெரிய கொள்ளை கண்ணில் படவில்லை. வாங்கிய பின்னும் பழைய அமைப்பிலேயே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்பதிவு நடந்தது. ஆண்டுக்கு 25 கோடி டாலர் செலவு மிச்சம் என்று பங்குதாரர்களுக்குக் கணக்கு சொன்னார்கள். ஒரு ஸ்டார்வுட் பாயின்ட்டுக்கு மூன்று மாரியட் பாயின்ட் என்று விருந்தினருக்கும் கணக்கு சொன்னார்கள். பாஸ்போர்ட் எண்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

தண்டனையாவது தகுந்ததாக இருந்ததா? 9.9 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்போவதாக 2019இல் அறிவித்த பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், மறு ஆண்டு 1.84 கோடி பவுண்டோடு நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவில் 49 மாநிலங்களும் தலைநகரமும் சேர்ந்து 2024 அக்டோபரில் பெற்ற தொகை 5.2 கோடி டாலர். அம்பலமான அமெரிக்கப் பதிவுகள் 13.15 கோடி. பதிவு ஒன்றுக்கு 40 சென்ட்கூடத் தேறவில்லை. அதே வேளையில் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், தரவுகளைப் பாதுகாக்க முறையான திட்டம் வேண்டும், விருந்தினர் கேட்டால் விவரங்களை அழிக்க வழி வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் இணைப்புகளை முன்கூட்டியே ஆராயும் அதிகாரம் பெற்ற ஆணையமும் அதுவே. 2016இல் கேட்டிருக்க வேண்டியதை எட்டு ஆண்டு கழித்துக் கேட்டது.

எக்ஸ்பீடியா, புக்கிங் போன்ற இணையத் தளங்கள் அறைக்கு அறை தரகு வாங்கும் காலத்தில், பெரிதானால்தான் ஹோட்டல்கள் பேரம் பேச முடியும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. இணைப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஊடுருவல் பழைய நிர்வாகத்தின் காலத்தில் நடந்தது என்ற சமாதானத்தைத்தான் ஏற்க முடியாது. லாபத்துக்கு வாரிசானவர் கடனுக்கும் வாரிசுதான்.

மற்றவர்களுக்குக் குரல் கொடுக்க ஆள் இருக்கிறது. வின்டம் நிறுவனத்தை வளைத்துப்போட சாய்ஸ் ஹோட்டல்ஸ் 2023இல் முயன்றபோது, குஜராத்தி வம்சாவளியினர் நிறைந்த ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம் எதிர்த்து நின்றது. 2024 மார்ச்சில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. மாரியட் ஊழியர்கள் சுமார் 7,700 பேர் 2018இல் அமெரிக்க நகரங்களில் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றார்கள். ஓர் இரவு தங்கிவிட்டுப் போகும் விருந்தினருக்குச் சங்கம் ஏது? அவருக்காக ஒழுங்காற்று அமைப்புதான் பேச வேண்டும்.

சென்னை வேளச்சேரி வெஸ்டினும் ஸ்டார்வுட் குடும்பத்திலிருந்து மாரியட்டுக்குப் போனதுதான். அடையாள அட்டையைக் காட்டாமல் அறைச் சாவி கிடைக்காத நாடு நம்முடையது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அது நடந்து முடிந்த பிறகு விழும் அடி. இணைப்புகளுக்கு அனுமதி தரும் இந்தியப் போட்டி ஆணையம் அதற்கு முன்பே கேட்க வேண்டும்: விற்கும் நிறுவனத்தின் கணினி அமைப்பை வெளியார் தணிக்கை செய்தார்களா? எப்போதோ அறையைக் காலி செய்தவர்களின் அடையாள எண்கள் அழிக்கப்பட்டனவா? கைமாறும் நாள்முதல் முழுப் பொறுப்பையும் வாங்குபவர் எழுத்தில் ஏற்றாரா? இம்மூன்றுக்கும் சான்று இணைக்காத மனுவை ஆணையம் திருப்பி அனுப்ப வேண்டும்; அதற்கேற்ப நாடாளுமன்றம் போட்டிச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.