கூரையில் மூன்று சாம்பல் கட்டங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. பானில் அபூர்வமாகக் கிடைக்கிற நல்ல வெயில். எங்கள் வீட்டுக் கூரையில் 12 சோலார் தகடுகள் இருக்கு. ஆப்பைத் திறந்தால் ஒன்பது கட்டம் நீலம், மூன்று கட்டம் சாம்பல். "அப்பா, மூண்டு செத்துப்போச்சு" என்றாள் ஒன்பது வயது மகள்.

பூட்டித் தந்தவருக்கு ஃபோன் எடுத்தேன். சாரம் கட்டி ஏற வேணும், இன்வெர்ட்டர் மாற்ற வேண்டி வரலாம் என்றார். செலவை நினைக்கவே தலை சுற்றியது.

அப்பத்தான் மாமி கேட்டா: "தம்பி, மீட்டரைப் பாத்தனீங்களோ?"

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தவ. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட காலம் அது. கரண்ட் வருகுதோ இல்லையோ என்பதுதான் அவவுக்கு முதல் கேள்வி. ஆப் என்ன சொல்லுது என்பதெல்லாம் பிறகு.

கீழே போய்ப் பார்த்தோம். வீட்டில் பெரிய சாமான் எதுவும் ஓடவில்லை. மீட்டரில் 3.6 கிலோவாட் வெளியே போகுது, ஆப்பில் 2.8தான். அப்படியெண்டால் அந்த மூன்றும் வேலை செய்யுது. அவை பேசுவதுதான் எங்களுக்குக் கேட்கவில்லை.

ஏன்? மைக்ரோ இன்வெர்ட்டர் ஒவ்வொரு தகட்டுக்கும் பின்னால் இருந்து, அங்கேயே 230 வோல்ட் மின்சாரமாக மாற்றி அனுப்புது. சில வகைகள் வைஃபையில் பேசும். எங்களுடையது போன்றவை தனிக் கம்பி இல்லாமல், மின்சாரம் வருகிற அதே கம்பியிலேயே செய்தியையும் ஏற்றி அனுப்பும். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தரம் துடிக்குது. செய்தியோ ஏறக்குறைய ஒரு லட்சம் தரம் துடிக்கிற மிக மெல்லிய அலை. ஐரோப்பாவில் ஈஎன் 50065 என்ற விதி 95 கிலோஹெர்ட்ஸ் வரை மின் நிறுவனங்களுக்கும், அதற்கு மேல் 148.5 வரை எங்களைப் போன்ற பாவனையாளர்களுக்கும் ஒதுக்கியிருக்கு.

இந்த மெல்லிய குரலுக்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு எதிரி. ஒன்று இரைச்சல்: மலிவான சார்ஜர்களும் எல்இடி அடாப்டர்களும் அதே அலைவரிசையில் கத்தும். மற்றது உறிஞ்சல்: சில கருவிகளின் வாசலில் இருக்கிற வடிகட்டி, இரைச்சலோடு சேர்த்து எங்கள் செய்தியையும் விழுங்கிவிடும். கம்பி நீள நீளக் குரல் இன்னும் தேயும். சாம்பலாக இருந்த மூன்றும் கம்பியின் கடைசி முனையில் இருப்பவை.

மகளிடம் கொப்பியைக் கொடுத்தேன். நிலவறையில் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து, எத்தனை கட்டம் நீலம் என்று எழுதச் சொன்னேன். ஃப்ரீசர்: 9. ரௌட்டர்: 9. மீன்தொட்டி விளக்கின் அடாப்டர்: 11! பார்த்தால் அதில் சிஇ குறியே இல்லை. செய்தி கேட்கிற பெட்டியும் அதே நீட்டுக் கம்பியில்தான் செருகியிருந்தது. சந்தைக்கடைக்கு நடுவில் காதை வைத்த மாதிரி.

அடாப்டரை எறிந்தோம். பிறகு மின்வேலைக்காரர் வந்து அந்தப் பெட்டியை, சோலார் கம்பி வந்து சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், தனி பிரேக்கரில் பூட்டினார். அதே ஃபேஸில் இருக்கா என்றும் பார்த்தார். இங்கே வீட்டுக்கு மூன்று ஃபேஸ் வருகுது. ஒன்றில் பேசி இன்னொன்றில் கேட்டால் குரல் தேய்ந்துதான் வரும். பன்னிரண்டாவதும் நீலமானது. கூரையில் யாரும் ஏறவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால், முதலில் நேரத்தைப் பாருங்கோ. இரவில் இன்வெர்ட்டர்கள் தூங்கும், அது பழுதில்லை. பிறகு வெயில் நேரத்தில் மீட்டரைப் பாருங்கோ. 2.8.0 என்ற இலக்கத்தில் வெளியே போன மொத்தக் கணக்கு வரும். அந்த நேரத்து வாட் தெரிய வேணுமெண்டால் மீட்டர் நிறுவனத்திடம் பின் இலக்கம் கேட்டு வாங்க வேணும். மீட்டரிலும் குறைவாக இருந்தால் அது உண்மையான பழுது. உடனே ஆளைக் கூப்பிடுங்கோ. மீட்டர் சரியாக இருந்தால் பிளக்குகளைக் கழற்றத் தொடங்குங்கோ. விடமுடியாத கருவியெண்டால் அதற்கு வடிகட்டி போடலாம். மீட்டர் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவேண்டாம். அது பதிவுபெற்ற மின்வேலைக்காரரின் வேலை.

இன்னொன்று. புதிதாகச் சோலார் போட்டால், ஓடத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் புண்டஸ்நெட்ஸ்அகென்டூரின் பதிவேட்டில் பதிய வேணும். இரைச்சல் போடுகிற கருவிகள் சந்தைக்கு வராமல் பார்ப்பதும் அவர்கள் வேலைதான். தலைமையகம் எங்கட பானில்தான், எங்கள் மீன்தொட்டியிலிருந்து அதிக தூரமில்லை!

மகள் பள்ளிக்கூடத்தில் இந்தக் கொப்பியைக் காட்டப்போறாளாம். "ராவுஷனுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். இரைச்சல் என்றேன். அன்றிலிருந்து தம்பி கத்தினால் "இரைச்சல், பிளக்கைக் கழற்றுங்கோ" என்கிறாள். மாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.