சித்திரகவியும் காணி உறுதியும்

கணனித் துறையிற் பணிபுரியும் எமது பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு மனக்குறையைக் கூறினார். வேலையை விட்டுச் சென்ற ஒருவர் எழுதிய செய்நிரலைத் திருத்தும் பொறுப்பு அவரிடம் வந்ததாம். பத்து வரிகளைப் புரிந்துகொள்ள இரண்டு நாட்கள் சென்றனவாம். "எழுதியவர் மகா கெட்டிக்காரர், சேர்" என்று அவர் சொன்னபோது, அதிற் பாராட்டு இருக்கவில்லை.

கெட்டித்தனத்தை நாம் இகழ்பவர்களல்லர். முதலிலிருந்து வாசித்தாலும் இறுதியிலிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்றை வகுப்பறையிற் கற்பித்து வியந்தவர்கள் நாம். ஆனால், காணி உறுதியை எந்த நொத்தாரிசும் மாலைமாற்றில் எழுதுவதில்லை. எழுதியவரும் சாட்சிகளும் மறைந்த பின்னரும், எல்லை இதுவென்று பிறருக்கு உரைக்க வேண்டியது உறுதி. பலர் அன்றாடம் நம்பியிருக்கும் செய்நிரலும் அத்தகையதே.

சான்றாக ஒன்று. 1983இல் லூக்காஸ்பிலிம் நிறுவனத்திற் பணியாற்றிய ரொம் டஃப், தரவுகளை விரைந்து பிரதிசெய்ய 'சி' மொழியில் ஓர் உத்தியைக் கண்டார். ஒவ்வொன்றாகப் பிரதிசெய்து, ஒவ்வொரு முறையும் முடிந்துவிட்டதா எனச் சோதிப்பதற்குப் பதிலாக, சுற்றொன்றுக்கு எட்டெட்டாகச் செய்தார். எட்டால் வகுத்தபின் எஞ்சும் மிச்சத்துக்காக, முதற்சுற்றில் மட்டும் நடுவிலே நுழையுமாறு இரு கட்டளைகளை ஒன்றினுள் ஒன்றாகப் பின்னிவிட்டார். மொழியின் இலக்கணம் அதனை ஏற்றது. வாசிப்பவர் கண்ணோ திகைத்தது. அதனைக் கண்டபோது பெருமையும் அருவருப்பும் தம்முள் ஒருங்கே தோன்றியதாக அவரே எழுதினார்.

அன்று அதற்குத் தேவை இருந்தது. ஆயின், கணனிகள் மாறின. எக்ஸ்ஃபிரீ86 என்னும் வரைகலை மென்பொருளின் 4.0 பதிப்பிலிருந்து இவ்வுத்தியை முற்றாக நீக்கியபோது, அது அரை மெகாபைற் அளவு சுருங்கியதுடன் விரைவாகவும் இயங்கியதென 2000ஆம் ஆண்டில் லினக்ஸ் வல்லுநர்களிடையே எடுத்துக்காட்டப்பட்டது. விரைவுக்காகச் செய்த தந்திரமே விரைவுக்குத் தடையாயிற்று.

தந்திரம் அறவே கூடாதென்பது எமது வாதமன்று. தெளிவான வழி போதாதென அளந்தறிந்த பின்னரே அதனைக் கையாள வேண்டும். ஏன் கையாண்டோமென அருகிலேயே குறிப்பெழுத வேண்டும். காரணம் நீங்கியதும் அதனை அகற்ற வேண்டும்.

இத்துறையிலுள்ள எம் இளையோர் கெட்டிக்காரர் எனப் பெயரெடுக்க விரும்புவது இயல்பே. அப்பெயரை, தமக்குப் பின் அதே மேசையில் வந்தமர்பவரிடமிருந்து அவர்கள் பெறட்டும்.