எக்செல்லின் கடிகாரமும் தொழிலாளியின் கூலியும்

கம்ப்யூட்டர் கணக்கில் தப்பு செய்யாது என்று ஒரு நம்பிக்கை எல்லோரிடமும் உண்டு. மளிகைக் கடைக்காரர் துண்டுச்சீட்டில் கூட்டிக் கொடுத்தால் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பவர்கூட, அதே கணக்கு அச்சாகி வந்தால் மறுபேச்சு இல்லாமல் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார். பெரும்பாலும் அந்த நம்பிக்கை வீண்போவதில்லைதான். ரூபாயைக் கூட்டச் சொன்னால் சரியாகக் கூட்டும். கிலோவைக் கூட்டச் சொன்னாலும் அப்படியே. ஆனால் நேரத்தைக் கூட்டச் சொல்லிப் பாருங்கள், கதையே வேறு!

ஒரு நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்கு உள்ளே போகிறார், காலை 6 மணிக்கு வெளியே வருகிறார். ஒரு ராத்திரிக்கு 10 மணி நேரம். (சாப்பாட்டு இடைவேளையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) வாரத்தில் 6 இரவு வேலை. மொத்தம் 60 மணி நேரம். இதைச் சொல்லக் கால்குலேட்டர்கூட வேண்டாம்.

இப்போது எக்செல்லைத் திறந்து ஆறு கட்டங்களில் 10:00 என்று ஆறு முறை அடித்து, கீழே கூட்டல் போடுங்கள். விடை என்ன வருகிறது? 12:00!

அறுபது மணி நேர உழைப்பு பன்னிரண்டு மணி நேரமாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை இல்லை, சிவப்பு நிறம் இல்லை, ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை. இது என்ன மாயம் என்று பார்ப்போம்.

எக்செல்லுக்கு உண்மையில் மணியும் தெரியாது, நிமிடமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டும்தான். ஒரு முழு நாள் என்பது 1. அரை நாள், அதாவது 12 மணி நேரம், 0.5. ஆறு மணி நேரம் 0.25. ஒரு மணி நேரம் என்பது 1-ஐ 24-ஆல் வகுத்தது. ஒரு நிமிடம் 1-ஐ 1440-ஆல் வகுத்தது. நாளை ஒன்றாக வைத்து அதைக் கூறுபோடுவது நமக்கொன்றும் புதிதல்ல. ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பிரித்தவர்கள்தானே நம் முன்னோர்கள்! ஒரு நாழிகை 24 நிமிடம். பஞ்சாங்கம் பார்க்கும் தாத்தாவுக்கு எக்செல்லின் கணக்கு சட்டென்று புரிந்துவிடும்.

ஆக, 60 மணி நேரம் என்பது எக்செல்லுக்கு 2.5 நாள். உள்ளே இருக்கும் எண் சரியாகத்தான் இருக்கிறது. தப்பு நடப்பது வெளியே காட்டும்போது. கட்டம் மணி:நிமிடம் என்ற வடிவத்தில் இருப்பதால், எக்செல் அந்த 2 நாளை விழுங்கிவிட்டு மிச்சம் இருக்கும் அரை நாளை மட்டும் கடிகாரம்போலக் காட்டுகிறது. அரை நாள் என்றால் 12:00.

இன்னொரு வேடிக்கை. எக்செல்லின் நாட்காட்டியில் 1 என்ற எண் 1900-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஐக் குறிக்கும். அப்படியானால் 2.5? ஜனவரி 2, நண்பகல் 12 மணி. அந்தத் தொழிலாளி ஒரு வாரம் கண்விழித்து உழைத்தது எக்செல்லைப் பொறுத்தவரை 1900-ஆம் ஆண்டின் ஒரு மத்தியான வேளை. அவ்வளவுதான்!

இங்கேதான் விஷயமே இருக்கிறது. "மணி என்ன?" என்பது ஒரு கேள்வி. "எவ்வளவு நேரம்?" என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு 24-ஐத் தாண்டி விடை கிடையாது. இரண்டாவதற்கு எல்லையே கிடையாது. பேச்சில் யாருக்கும் இதில் குழப்பம் வருவதில்லை. பத்து மணிக்கு வந்தான் என்பதையும் பத்து மணி நேரம் இருந்தான் என்பதையும் குழந்தைகூடப் பிரித்துப் பேசும். எக்செல் இரண்டையும் ஒரே கட்டத்தில் ஒரே மாதிரி போட்டு வைக்கிறது.

இதற்கு மாற்று உண்டா என்றால், உண்டு. கட்டத்தின் வடிவமைப்பில் மணியைக் குறிக்கும் எச் என்ற எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் போதும், 12:00 உடனே 60:00 ஆகிவிடும். அதைவிடச் சுவாரசியம், ஒரு வெற்றுக் கட்டத்தில் நேரடியாக 60:00 என்று அடித்தால் எக்செல் அதை 60:00:00 என்று ஒழுங்காகவே காட்டுகிறது. ஆக, 24 மணி நேரத்துக்கு மேல் ஒரு கால அளவு இருக்க முடியும் என்பது அதற்குத் தெரியும். தெரிந்தும், கூட்டலில் மட்டும் மறைக்கிறது!

எக்செல்லில் எண்ணைப் போட்டுக் கட்டத்தின் அகலத்தைக் குறைத்தால் ##### என்று வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் எரிச்சல் வரும். ஆனால் அது நேர்மையான குறி. 1,25,000 என்பதில் பாதி மறைந்து 25,000 என்று யாராவது படித்துவிடக் கூடாதே என்றுதான், எண்ணை வெட்டிக் காட்டாமல் வேலியைக் காட்டுகிறது. எண்ணுக்கு இவ்வளவு அக்கறை காட்டும் அதே மென்பொருள், நேரம் என்று வந்தால் இரண்டு முழு நாட்களைக் கூசாமல் வெட்டிவிட்டு மிச்சத்தைச் சிரித்த முகத்தோடு காட்டுகிறது. ##### வந்தால் நாலு பேரைக் கேட்டுச் சரிசெய்வார்கள். 12:00 வந்தால் யார் கேட்பார்கள்?

கழித்தலில் இன்னொரு கூத்து. அதே தொழிலாளி இரவு 20:00-க்கு வந்து காலை 6:00-க்குப் போகிறார். போன நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் 6 கழித்தல் 20, அதாவது மைனஸ் 14 மணி. எக்செல் ##### என்று காட்டும். ஏன்? 1900-க்கு முன்னால் அதற்கு நாளே கிடையாது, அதனால் மைனஸ் நேரமும் கிடையாது! அவசரத்தில் இருக்கும் ஒருவர் என்ன செய்வார்? வரிசையை மாற்றிக் கழித்துப் பார்ப்பார். 20 கழித்தல் 6, 14:00. வேலி போய்விட்டது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் உண்மை 10 மணி நேரம். சரியான வழி, கழித்து வந்ததை மாட் என்ற சார்பில் போட்டு 1-ஆல் வகுத்த மீதியை எடுப்பது. வந்த நேரம் ஏ2-விலும் போன நேரம் பி2-விலும் இருந்தால் =மாட்(பி2-ஏ2,1). அல்லது நேரத்தோடு தேதியையும் சேர்த்தே எழுதிவிடுவது. இரண்டாவது வழிதான் நல்லது. பிற்பாடு பார்ப்பவருக்கும் புரியும்.

அடுத்தது சம்பளம். கணக்குக்கு எளிதாக மணிக்கு 60 ரூபாய் என்று வைப்போம். 60:00 என்று சரியாகக் காட்டும் கட்டத்தை 60-ஆல் பெருக்கினால் 3600 வரவேண்டும். வருவதோ 150! உள்ளே இருப்பது 2.5 தானே. 24-ஆலும் பெருக்க வேண்டும் என்பதை மறந்தால் இந்தக் கதிதான்.

ஓவர்டைம் கணக்கு இன்னும் மோசம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை போட்டு, அதற்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்றது. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு என்பது 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அப்படியானால் இந்தத் தொழிலாளிக்கு 12 மணி நேரம் ஓவர்டைம். 60:00-லிருந்து வெறும் 48-ஐக் கழித்தால், எக்செல் 48 நாளைக் கழிக்கும், மறுபடியும் வேலி. சரி, டைம் என்ற சார்பில் 48 மணி என்று கொடுத்துக் கழித்தால்? அந்தச் சார்பும் 24-ஐத் தாண்டினால் நாளை விழுங்கிவிடும், 48 மணி அதற்குப் பூஜ்யம். ஒன்றுமே கழியாது. 48-ஐ 24-ஆல் வகுத்து, அதைக் கழித்தால்தான் 12 மணி நேரம் கிடைக்கும்.

"இவ்வளவு பெரிய தப்பு கண்ணில் படாமலா போகும்? 3600-க்குப் பதில் 150 என்றால் யாருக்கும் தெரியுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய தப்பு மாட்டிக்கொள்ளும். மாட்டாதது சின்னத் தப்பு.

தமிழில் நேரத்தை எப்படி எழுதுகிறோம்? கல்யாணப் பத்திரிகையில் "காலை 7.30 மணி முதல் 9.00 மணிக்குள்". பஸ் ஸ்டாண்ட் பலகையிலும் பரீட்சை அட்டவணையிலும் இதே பழக்கம். நடுவில் இருப்பது புள்ளி. எக்செல்லுக்கு வேண்டியதோ முக்காற்புள்ளி. ஏழரை மணி நேர வேலையை 7.30 என்று அடித்தால், அது வெறும் தசம எண். 7.30 மணி நேரம் என்றால் 7 மணி 18 நிமிடம். ஆறு நாளைக்குக் கூட்டினால் 43.80. உண்மையில் அது 45 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் வீதம் 2700 வரவேண்டிய இடத்தில் 2628 வரும். 72 ரூபாய் குறைவு. இது யார் கண்ணில் படும்? வாரம் 72 ரூபாய் என்றால் 52 வாரத்துக்கு 3744. ஒரு வாரக் கூலிக்கும் மேலே, யாரும் திருடாமலே காணாமல் போகிறது!

அந்தக் கட்டம் ஏற்கெனவே மணி:நிமிடம் வடிவத்தில் இருந்தால் இன்னும் விபரீதம். 7.30 என்று அடித்தால் 7:12 என்று காட்டும். ஏதோ கை தவறிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உள்ளே இருப்பதோ 7 நாளும் 7 மணி 12 நிமிடமும்.

எக்செல்லுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் சொல்வது இரண்டு. ஒன்று, "நாளை 1 என்று வைத்ததால்தான் தேதியையும் நேரத்தையும் ஒரே எண்ணில் அடக்கிக் கூட்டவும் கழிக்கவும் முடிகிறது." உண்மை, அது அழகான ஏற்பாடு. யாரும் மறுக்கவில்லை. இரண்டு, "பல வருடமாக இருப்பதை மாற்றினால் பழைய கோப்புகள் எல்லாம் கெட்டுப்போகும்." இதற்கும் ஆதாரம் உண்டு. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. அது தப்பு. ஆனாலும் லோட்டஸ் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல்லும் அதையே பின்பற்றியது. இல்லாத அந்த 1900 பிப்ரவரி 29 இன்றும் எக்செல்லில் 60-ஆம் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது!

ஆனால் இங்கே கேட்பது எண்ணை மாற்றச் சொல்லி அல்ல. காட்டும் விதத்தை மட்டும்தான். நேரங்களைக் கூட்டி விடை 1-ஐத் தாண்டினால், கேட்காமலே 60:00 என்று காட்டட்டும். இல்லையென்றால் வேலியாவது போடட்டும். உள்ளே 2.5 அப்படியே இருக்கும், ஒரு கோப்பும் கெடாது. கூகுள் ஷீட்ஸில் கால அளவுக்கென்றே தனி வடிவம் ஒன்று பட்டியலில் இருக்கிறது. முடியாத காரியம் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

"தெரியாதவர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே" என்ற வாதமும் உண்டு. தெரிந்துகொள்ள வேண்டியவர் ஆபீஸில் எக்செல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர். நஷ்டப்படுபவரோ அந்தத் தாளைப் பார்க்கவே பார்க்காதவர். ஒருவர் படிக்காததற்கு இன்னொருவர் கூலியில் பிடிப்பது என்ன நியாயம்?

கல்லூரியை முடித்துவிட்டு வேலைக்குப் போகிற பலர் முதல் வருடத்திலேயே இப்படி ஒரு வருகைப் பதிவையோ சம்பளப் பட்டியலையோ தயாரிக்க வேண்டியிருக்கும். அவர்கள் செய்யக்கூடியது எளிது. மணிக்கு ஒரு பத்தி, நிமிடத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் நிமிடமாக்கிக் கூட்டுங்கள், கடைசியில் 60-ஆல் வகுங்கள். காகிதத்தில் கணக்கு எழுதியவர்கள் செய்தது அதுதான். அதில் மாயமும் இல்லை, மறைப்பும் இல்லை. நேர வடிவத்திலேயே வைக்க வேண்டுமென்றால், ஒப்பிடுவதற்கு முன் 1440-ஆல் பெருக்கி முழு நிமிடமாக்கிக்கொள்ளுங்கள். 24-இல் ஒரு பங்கு என்பது 0.041666... என்று முடிவில்லாமல் போகும் எண். அதை எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் கணினி வைத்துக்கொள்கிறது. "48-க்கு மேலா, இல்லையா?" என்று கேட்கும்போது அந்தத் துளி வித்தியாசம் சில சமயம் காலை வாரிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளச் சீட்டில் ரூபாயை மட்டும் அச்சடிக்காமல், அந்த வாரத்தில் எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்பதையும் அச்சடித்துக் கொடுங்கள். எக்செல்லுக்கு மாட் தெரியும், டைம் தெரியும். ஆனால் ஆறு ராத்திரி கண்விழித்தவருக்குத் தான் உழைத்தது பன்னிரண்டு மணி நேரம் அல்ல, அறுபது என்பது விரல்விட்டு எண்ணாமலே தெரியும். அவர் கையில் அந்தச் சீட்டு இருந்தால், கணக்குக் கேட்க அதுவே போதும்.