காதுக்கும் அளவு உண்டு

இயர்போன் வாங்கும்போது நிறத்தைக் கேட்கிறோம், பேஸ் கூடுதலா என்று கேட்கிறோம். காதுக்குப் பொருந்துமா என்று கேட்பதில்லை. பெட்டிக்குள் பல அளவுகளில் இறப்பர் முனைகள் வருவதே அதற்காகத்தான். முனை தளர்ந்தால் பேஸ் குறையும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். பெரியகல்லாறு வழியாகக் கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் பாடம் கேட்பவர் அப்போது என்ன செய்வார்? சத்தத்தைக் கூட்டுவார். வளர்ந்தவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 டெசிபலில் 4 மணித்தியாலம்தான் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

பர்தா அணியும் நமக்கு இன்னொன்றும் உண்டு. வெளியே துருத்தும் வகையைத் துணி அழுத்தும், காது வலிக்கும். தட்டையாக உள்ளே உட்காருவதே நல்லது. விலை கூடியது வேண்டுமென்று வாப்பாவிடம் அடம்பிடிக்கும் முன், இருக்கிற முனைகளை மாற்றிப் பாருங்கள். (இரு காதும் ஒரே அளவாக இருக்காது.) வீதியைக் கடக்கும்போது மட்டும் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.